பிரேக்கில் அசையக் கூடாத ஒரு துண்டு

சென்ற ஆண்டு இறுதியில் ஒருநாள் பள்ளி முடிந்ததும், படிவம் மூன்று மாணவன் ஒருவன் மிதிவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு அறிவியல் கூடத்து வாசலில் வந்து நின்றான். 1990-களின் தொடக்கத்தில் வந்த 26 அங்குலச் சக்கர மலை மிதிவண்டி அது. அவனுடைய மாமா பழைய இரும்புக் கடையில் பார்த்து வாங்கிக் கொடுத்தது.

"டீச்சர், முன் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது. கட்டைய மாத்திட்டேன், கம்பியையும் மாத்திட்டேன். அப்படியேதான் இருக்கு" என்றான்.

பிரேக் பிடியை அழுத்திக் காட்டினான். அது தடையே இல்லாமல் வந்து ஹேண்டில்பாரில் இடித்தது. அவன் பிடியை அழுத்திக்கொண்டிருக்கும்போதே நான் முன்சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சுற்ற முடிந்தது.

அவன் குடியிருப்பது மேட்டின் மேலுள்ள ஓர் அடுக்குமாடியில். அங்கிருந்து பள்ளிக்கு வரும் வழி முழுக்க இறக்கம். இறக்கம் முடியும் இடத்தில், லாரிகள் போய்வரும் முச்சந்தி. அதனால் அன்று மாலை நான் வீட்டுக்குப் போகவில்லை.

அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "நீ பிடியை அழுத்தும்போது என்னென்ன அசையுதுன்னு பார்த்தியா?" பார்த்ததில்லை என்றான். ஒருவர் அழுத்த, மற்றவர் குனிந்து பார்த்தோம். கம்பி அசைந்தது. சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள பிரேக் கைகள் கொஞ்சம் அசைந்தன. அவற்றைவிட அதிகமாக அசைந்தது வேறொன்று. ஹேண்டில்பாரின் கழுத்துப் பகுதியில் ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டை மடக்கி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தான். பழைய துண்டு காணாமல் போயிருந்ததால் அவனே செய்து போட்டது. பிடியை அழுத்தும்போதெல்லாம் அந்தத் தகடு வில்லைப்போல் கீழே வளைந்தது.

கோளாறு அங்கேதான் இருந்தது. அவன் காசு கொடுத்து மாற்றிய கட்டையிலும் இல்லை, கம்பியிலும் இல்லை.

மாணவர்களே, அந்த இடத்தில் இருக்க வேண்டிய துண்டுக்குக் கடைகளில் 'கேபிள் ஹேங்கர்' என்று பெயர். நாம் 'கம்பி தாங்கி' என்று சொல்லிக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் இரும்பு அல்லது அலுமினியத் துண்டு. ஒரு முனையில் வளையம், மறுமுனையில் சிறு துளை. நகரும் பாகம் ஒன்றுகூட அதில் கிடையாது. பிறகு எதற்கு அது? இதைப் புரிந்துகொள்ள, முதலில் பிரேக் கம்பியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பிரேக் கம்பி உண்மையில் இரண்டு பொருள்கள். உள்ளே முறுக்கிய எஃகுக் கம்பி, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். வெளியே அதை மூடியிருக்கும் உறை. அந்த உறை வெறும் பிளாஸ்டிக் குழாய் அல்ல. ஒரு துண்டு வெட்டிப் பார்த்தால், பிளாஸ்டிக்குக்குள் எஃகுச் சுருள் ஒன்று நெருக்கமாகச் சுற்றப்பட்டிருப்பது தெரியும். வெறும் பாதுகாப்புக்காக என்றால் அத்தனை எஃகு எதற்கு?

வீட்டில் செய்து பாருங்கள். மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கும் மெல்லிய குழாயில் ஒரு முழம் எடுத்து, அதற்குள் நூலை நுழையுங்கள். நூலின் ஒரு முனையில் அழிப்பான் ஒன்றைக் கட்டி மேசைமேல் வையுங்கள். குழாயை வளைத்து வைத்து, நூலின் மறுமுனையை இழுங்கள். அழிப்பான் வந்து குழாயின் வாயில் முட்டும். அதற்குப் பிறகு குழாய், அழிப்பான் எல்லாம் சேர்ந்து உங்கள் பக்கம் வரும். இப்போது தம்பியையோ தங்கையையோ கூப்பிட்டு, குழாயின் இரண்டு முனைகளையும் அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அழிப்பானுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடியும் இழுங்கள். குழாய் எப்படி வளைந்திருந்தாலும், நீங்கள் எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு அழிப்பான் நகரும். குழாயைப் பிடித்திருப்பவரின் விரல்களில் ஒரு தள்ளல் தெரியும். அதை மட்டும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தள்ளல்தான் விஷயம். உள்கம்பி இழுபடும்போது உறை அமுக்கப்படுகிறது. உள்கம்பியில் 150 நியூட்டன் இழுவிசை இருந்தால், உறையிலும் ஏறக்குறைய 150 நியூட்டன் அமுக்கவிசை இருக்கும். நியூட்டனின் மூன்றாம் விதியை 'ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு' என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். உங்கள் வண்டியில் அந்த எதிர்விசை குடியிருக்கும் இடம் கம்பியின் உறை. உறையின் முனை எதன்மேலாவது ஊன்றி நின்றாக வேண்டும். ஊன்ற இடம் இல்லையென்றால் உறை நழுவும், கம்பி இழுக்காது.

இந்த ஏற்பாட்டுக்கு 1896-இல் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் மொனிங்டன் போடன். இன்றும் பொறியாளர்கள் இதைப் 'போடன் கம்பி' என்றே அழைக்கிறார்கள். உங்கள் தாத்தா காலத்துக் கறுப்பு மிதிவண்டிகளை எங்காவது பார்த்திருந்தால், அவற்றில் கம்பிக்குப் பதிலாக விறைப்பான இரும்புத் தண்டுகள் பிரேக்கை இழுப்பதைக் கவனித்திருக்கலாம். தண்டுக்கு உறை வேண்டாம். ஆனால் தண்டை வளைவுகளில் கொண்டுபோக முடியாது, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மூட்டு வேண்டும். போடன் கம்பி எந்த வளைவிலும் போகும். அதற்கு நாம் கொடுக்கும் விலை, இரு முனைகளிலும் உறைக்கு உறுதியான ஊன்றுகோல்.

'என் வண்டியில் அப்படி ஒரு துண்டே இல்லையே' என்று நீங்கள் கேட்கலாம். இன்று பெரும்பாலான வண்டிகளில் அது இருக்காது. காரணம் பிரேக்கின் அமைப்பு. சக்கரத்துக்கு மேலே இடுக்கிபோல் நிற்கும் பக்க இழுப்புப் பிரேக்கில், உறை ஒரு கையைத் தள்ளும், உள்கம்பி மற்றக் கையை இழுக்கும். விசையும் எதிர்விசையும் இரண்டு கைகளிலேயே முடிந்துவிடும். 1990-களின் நடுவில் மலை மிதிவண்டிகளுக்கு வந்த வி-பிரேக்கும் இதே வழிதான். ஆனால் அதற்கு முன்பு அவ்வண்டிகளில் இருந்தது 'கான்டிலீவர்' பிரேக். அதில் இரண்டு கைகளையும் ஒரு குறுக்குக் கம்பி இணைக்கும். அந்தக் குறுக்குக் கம்பியின் நடுவை, மேலிருந்து வரும் பிரேக் கம்பி தூக்கும். இரண்டு கைகளுமே மேல்நோக்கி இழுக்கப்படுகின்றன. தள்ளுவதற்குக் கை மிச்சமில்லை. ஆகவே உறை வண்டியின் உடம்பில்தான் ஊன்ற வேண்டும். அந்த ஊன்றும் இடமே கம்பி தாங்கி.

அது எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும்? பிரேக் பிடி ஒரு நெம்புகோல். அதன் அச்சிலிருந்து உங்கள் விரல்கள் 75 மில்லிமீட்டர் தொலைவிலும், கம்பி கோத்திருக்கும் இடம் 25 மில்லிமீட்டர் தொலைவிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விசை மூன்று மடங்காகும். விரலால் 50 நியூட்டன் அழுத்தினால் கம்பியில் 150 நியூட்டன். நாய் குறுக்கே ஓடிவந்து, பயத்தில் 100 நியூட்டன் அழுத்தினால் கம்பியில் 300 நியூட்டன். பத்துக் கிலோ அரிசி மூட்டை மூன்றை அந்தச் சிறு துண்டில் தொங்கவிட்டதற்குச் சமம். பிளாஸ்டிக் நாடாவில் கட்டிய தகடு தாங்குமா?

தகடு முறியவில்லையே, வளைந்ததுதானே என்று அந்த மாணவனும் கேட்டான். நல்ல கேள்வி. கணக்குப் பார்ப்போம். நெம்புகோல் விசையை மூன்று மடங்காக்குகிறது என்றால், நகரும் தூரத்தை மூன்றில் ஒன்றாகக் குறைக்கிறது. விரல்கள் 45 மில்லிமீட்டர் நகர்ந்தால் கம்பி 15 மில்லிமீட்டர்தான் நகரும். இதைத் திருப்பிப் போடுங்கள். தாங்கி 3 மில்லிமீட்டர் வளைந்தால், அதை ஈடுசெய்ய விரல்கள் 9 மில்லிமீட்டர் வீணாக நகர வேண்டும். அவன் போட்டிருந்த தகடு, அளவுகோல் வைத்துப் பார்த்தபோது, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளைந்தது. அப்படியென்றால் விரல்கள் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் சும்மா போயின. கட்டைகள் ரிம்மைத் தொட்ட நேரத்தில் பிடி ஹேண்டில்பாரை எட்டிவிட்டது. அழுத்துவதற்கு இடமே இல்லை. அவன் கைப்பலம் முழுவதும் ஒரு தகட்டை வளைப்பதில் செலவானது.

சைக்கிள் கடை அங்கிளிடம் போனோம். மைலோ டின் ஒன்றைக் கவிழ்த்து, பழைய துண்டுகளுக்கு நடுவே தேடி, ஒரு எஃகுத் தாங்கியை எடுத்து நீட்டினார். ஐந்து வெள்ளி. "இதை எல்லாம் இப்ப யாரும் கேட்கிறதில்லை" என்று மலாயில் சொல்லிவிட்டு, கூடவே ஒரு முக்கியமான கேள்வியும் கேட்டார். "தண்டு என்ன அளவு?"

தாங்கியின் வளையம், ஃபோர்க்கின் தண்டுமேல் உட்கார வேண்டும். முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருப்பது ஃபோர்க். அதன் தண்டு, வண்டிச் சட்டத்தின் முன்புறக் குழாய்க்குள் ஏறி மேலே வருகிறது. பழைய வண்டிகளில் இந்தத் தண்டின் மேல்முனையில் மரை வெட்டியிருக்கும். வெளிவிட்டம் பெரும்பாலும் 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். சில மலை மிதிவண்டிகளில் 28.6 மில்லிமீட்டர். மேலே இருக்கும் பூட்டு நட்டுக்கு 32 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தினால் பெரும்பாலும் முதல் வகை, 36 பொருந்தினால் இரண்டாம் வகை. புதிய வண்டிகளில் மரை இல்லாத தண்டு வருகிறது. அவற்றில் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம், தண்டை வெளியிலிருந்து பக்கத்துத் திருகாணிகளால் கவ்விப் பிடித்திருக்கும். அந்த வகைக்கு நான் இங்கே சொல்லும் முறை பொருந்தாது.

இனி வேலைக்கு வருவோம். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதலில் குறுக்குக் கம்பியின் ஒரு முனையைப் பிரேக் கையிலிருந்து விடுவித்துவிடுங்கள். அடுத்து, ஸ்டெம் இப்போது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ஒட்டுநாடாவால் அடையாளம் செய்யுங்கள். ஸ்டெம்மின் தலையிலுள்ள திருகாணியை நான்கைந்து சுற்று தளர்த்துங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். தளர்த்திய பிறகும் ஸ்டெம் அசையாது. உள்ளே, தண்டுக்குள், ஓர் ஆப்பு இறுகிப் பிடித்திருக்கும். திருகாணியின் தலைமேல் மரக்கட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் ஆப்பு இறங்கும். ஸ்டெம் ஹேண்டில்பாரோடு மேலே வந்துவிடும். நேரே இரும்பின்மேல் தட்டாதீர்கள். திருகாணியின் தலை சிதைந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

பிறகு பூட்டு நட். இடஞ்சுழியாகத் திருப்பிக் கழற்றுங்கள். அதன்கீழ் என்னென்ன இருக்கின்றன, எந்த வரிசையில் இருக்கின்றன என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டுத் தொடுங்கள். பெரும்பாலும் ஒரு வாஷர் இருக்கும். அதன் உள்விளிம்பில் சிறு பல் ஒன்று, தண்டிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மேலே பூட்டு நட் சுழலும்போது கீழுள்ள கிண்ணமும் சேர்ந்து சுழலாமல் தடுப்பது அதுதான். தாங்கியின் வளையம் அந்த வாஷருக்கு மேலே, பூட்டு நட்டுக்குக் கீழே வரும். துளையுள்ள முனை நேர் முன்னே, சக்கரம் பார்க்கும் திசையைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு. 1 அங்குலத் தண்டில் ஓர் அங்குல நீளத்துக்கு 24 மரைகள். ஆகவே ஒரு மரைக்கு 25.4-ஐ 24-ஆல் வகுத்தால், ஏறக்குறைய 1.06 மில்லிமீட்டர். தாங்கியின் வளையம் 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால், பூட்டு நட் கிட்டத்தட்ட மூன்று மரைகளை இழக்கும். மிச்சமிருக்கும் மரைகள் போதுமா? நட் குறைந்தது நான்கைந்து சுற்றாவது முழுமையாக ஏற வேண்டும் என்பது என் கணக்கு. அதற்குக் குறைவாக ஏறினால் அந்தத் தாங்கியைப் போடாதீர்கள். முன்பு அங்கே இடைவளையம் ஒன்று இருந்திருந்தால் கவலையில்லை. அதை எடுத்துவிட்டு, அதே தடிமனுள்ள தாங்கியைப் போட்டால் சரியாகிவிடும். எங்கள் வண்டியில் அப்படித்தான் இருந்தது. தாங்கியைத் தொலைத்த யாரோ ஒருவர், அந்த இடத்தை நிரப்ப வளையம் போட்டிருந்தார். அது நல்ல காரியம். ஒன்றுமே போடாமல் விட்டிருந்தால், பூட்டு நட்டின் மேல்விளிம்பு தண்டின் நுனியில் முட்டிக்கொண்டு, எவ்வளவு திருகினாலும் கீழே இறுகாது.

பூட்டுவதற்கு முன் கிண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். கிண்ணத்துக்குள் பேரிங் குண்டுகள் இருக்கின்றன. கிண்ணத்தை அளவுக்கு மீறி இறுக்கினால் ஹேண்டில்பார் திரும்பத் திணறும். தளர்வாக விட்டால் ஃபோர்க் ஆடும். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் சிறிதும் இருக்கக் கூடாது. அதே நேரம், வண்டியைச் சற்றுச் சாய்த்தால் சக்கரம் தானாகவே பக்கவாட்டில் விழ வேண்டும். அந்த நிலையில் கிண்ணத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் பூட்டு நட்டை இறுக்குங்கள். பூட்டும்போது தாங்கி பக்கம் திரும்பப் பார்க்கும், விரலால் நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கிய பிறகு ஆட்டத்தை மறுபடியும் சோதியுங்கள். ஒரே முயற்சியில் சரியாக வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்களுக்கு மூன்று முறை ஆனது. அப்படியும் நான் ஒரு தவறு செய்தேன், பிறகு சொல்கிறேன்.

ஸ்டெம்மை மீண்டும் இறக்கும்போது அதன் தண்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஸ்டெம்மில் ஒரு கோடு கீறியிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் உள்ளே போதுமான நீளம் இறங்கவில்லை என்று பொருள். இறுக்கியதும் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு, ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். சுழலக் கூடாது.

இனி உறை. பிடியிலிருந்து தாங்கிவரை ஒரே சீரான வளைவாக வர வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் உறை இழுபடவோ மடங்கவோ கூடாது. அதற்கேற்ற நீளத்தில் வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் தட்டையாக்கி, அதற்குரிய முனைத் தொப்பியை மாட்டித் தாங்கியின் துளையில் உட்கார வையுங்கள். முனை சாய்வாக இருந்தால், விசை ஏறும்போது அது நசுங்கி உள்ளே இறங்கும். வளையும் தாங்கி என்ன கெடுதல் செய்ததோ அதையே இதுவும் செய்யும். உள்கம்பியில் ஒரு துளி எண்ணெய் விட்டு நுழைத்து, கீழே குறுக்குக் கம்பியைத் தூக்கும் கவ்வியில் பூட்டுங்கள்.

கவ்வியை எந்த உயரத்தில் பூட்டுவது? இந்தப் பிரேக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வீட்டின் பின்புறத்தில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஓர் ஈரச் சாரத்தைப் போட்டால் கயிறு தொய்கிறது. தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்ட முயன்றால், கயிறு அறும், இல்லையென்றால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். கயிறு எவ்வளவு தட்டையாக இருக்கிறதோ, அவ்வளவு அதிக இழுவிசை அதில் ஏறும். குறுக்குக் கம்பி, கவிழ்த்துப் போட்ட கொடிக்கயிறு. கிடைக்கோட்டுக்கு 60 பாகைச் சாய்வில் இருந்தால், பிரேக் கம்பியின் 150 நியூட்டன், குறுக்குக் கம்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 87 நியூட்டனாக இறங்குகிறது. 45 பாகையில் 106. 30 பாகையில் சரியாக 150. கோணத்தை மாற்றியதற்கே இவ்வளவு வேறுபாடு.

அப்படியானால் கவ்வியை இன்னும் இறக்கி, குறுக்குக் கம்பியைப் படுக்கவைத்துவிடலாமே என்று தோன்றும். விசை கூடினால் தூரம் குறையும் என்பதை நெம்புகோலில் பார்த்தோமே, அது இங்கேயும் உண்டு. கவ்வி தாழ்வாக இருந்தால், கட்டைகள் அதே தூரம் நகரக் கம்பி அதிகமாக இழுபட வேண்டும். பிடி மறுபடியும் ஹேண்டில்பாரில் இடிக்கும். தவிர, குறுக்குக் கம்பி டயருக்கு மிக அருகில் வந்துவிடும். குறுக்குக் கம்பியும், பிரேக் கையின் அச்சிலிருந்து அந்தக் கம்பி மாட்டும் இடத்துக்குப் போகும் கோடும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்கோணமாக இருக்கும்படி தொடங்குங்கள். பிறகு ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது சாலைக்குப் போகாமல், நின்ற இடத்திலேயே பிடியைப் பலம்கொண்ட மட்டும் பத்து முறை அழுத்துங்கள். நண்பர் தாங்கியை மட்டும் பார்க்கட்டும். அது அசையக் கூடாது. கம்பி கவ்வியில் நழுவுகிறதா என்றும் பாருங்கள். எங்கள் வண்டியில் முதல் அழுத்தலில் கம்பி இரண்டு மில்லிமீட்டர் நழுவியது. நட்டை இன்னும் இறுக்கினோம். அதன் பிறகு பிடி பாதித் தூரம் வந்ததும் கல்லைப்போல் நின்றது. அந்த மாணவன் நம்பாமல் நாலைந்து முறை அழுத்திப் பார்த்தான். பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் நடைவேகத்தில் ஓட்டி, முதலில் பின் பிரேக்கை மட்டும், பிறகு முன் பிரேக்கை மெதுவாக அழுத்தச் சொன்னேன். முன் பிரேக் திடீரென்று பிடித்தால் பின்சக்கரம் மேலே எழும்பும். இவ்வளவு நாள் பிடிக்காத பிரேக்குக்குப் பழகிய கை, பழக்கத்தில் முழுப் பலத்தையும் போட்டுவிடும்.

நான் மறந்துவிடாமல் சொல்ல வேண்டியது ஒன்று. கான்டிலீவர் பிரேக்கில் ஓர் ஆபத்து உண்டு. ஓடும்போது பிரேக் கம்பி அறுந்தாலோ, கவ்வியிலிருந்து உருவிக்கொண்டாலோ, குறுக்குக் கம்பி தொப்பென்று டயர்மேல் விழும். மலை மிதிவண்டி டயரின் புடைப்புகள் அதைக் கவ்வி இழுக்கும். இரண்டு கட்டைகளும் ரிம்மை நசுக்கும். முன்சக்கரம் ஒரே கணத்தில் நின்று, ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். இதைத் தடுக்கத்தான் அவ்வகை வண்டிகளில் முன் பிரதிபலிப்பானின் இரும்புப் பட்டையைக் குறுக்குக் கம்பிக்குக் கீழே வரும்படி பொருத்துவார்கள். விழும் கம்பியை அந்தப் பட்டை ஏந்திக்கொள்ளும். 'அழகாக இல்லை' என்று பிரதிபலிப்பானைக் கழற்றி எறிந்தவர்கள், அதோடு எதைக் கழற்றினார்கள் என்று அறிந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பதில் மட்கார்டு இருந்தாலும் போதும். பிரேக்கையே கழற்றிவிட்டு 'பாசிக்கல் லாஜாக்' ஓட்டுபவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல? 60 கிலோ எடை, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 930 ஜூல். ஐந்து மீட்டரில் நிற்க வேண்டுமானால் சராசரியாக 185 நியூட்டன் தடை வேண்டும். செருப்பைத் தரையில் தேய்த்து அந்த விசையைப் பெற முடியுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஒரு வாரம் கழித்து அந்த மாணவன் மறுபடியும் வந்தான். "நல்லா பிடிக்குது டீச்சர். ஆனா அழுத்தினா முன்பக்கம் கடகடன்னு நடுங்குது."

நான் செய்த தவறு இதுதான். பூட்டு நட்டை இறுக்கிய பிறகு ஆட்டம் பார்த்தேன், ஆனால் ஓட்டிவிட்டு வந்த பிறகு பார்க்கவில்லை. குண்டுகளும் கிண்ணமும் ஓட்டத்தில் சற்றுப் படிந்து, மயிரிழை ஆட்டம் வந்துவிட்டது. மறுபடியும் சரிசெய்ததும் நடுக்கம் பெரும்பாலும் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. மீதிக்குக் காரணம் தாங்கி இருக்கும் இடமே.

பிரேக் பிடிக்கும்போது சாலை, சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஃபோர்க் இரும்புதான் என்றாலும் கொஞ்சம் பின்னே வளைகிறது. அப்படி வளையும்போது ஃபோர்க்கின் தலைப்பகுதி முன்புறமாகச் சாய்ந்து இறங்குகிறது. அதன் முன்னே இருக்கும் பிரேக் கைகளும் இறங்குகின்றன. தாங்கியோ மேலே, தண்டின் உச்சியில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே தூரம் கூடுகிறது. உங்கள் விரல் அசையாவிட்டாலும் கம்பி மேலும் இறுகுகிறது. பிரேக் இன்னும் அதிகமாகப் பிடிக்க, ஃபோர்க் இன்னும் வளைய, கம்பி இன்னும் இறுகுகிறது. ஓர் எல்லைக்குப் பிறகு கட்டை வழுக்கும், ஃபோர்க் நிமிரும், கம்பி தளரும். உடனே எல்லாம் மறுபடி தொடங்கும். ஒரு நொடியில் இது பல முறை நடப்பதுதான் அந்தக் கடகட நடுக்கம். விளைவே தன் காரணத்தைப் பெரிதாக்கும் இப்படிப்பட்ட சுழற்சிக்கு 'நேர்ப் பின்னூட்டம்' என்று பெயர். ஒலிபெருக்கி முன் மைக்கைப் பிடித்தால் 'கீ' என்று அலறுமே, அதுவும் இந்த இனம்தான்.

இதற்கும் தீர்வு உண்டு. தாங்கியை மேலே வைக்காமல், ஃபோர்க்கின் தலையிலேயே, சக்கரத்துக்குச் சற்று மேலே பொருத்தும் வகை ஒன்று கிடைக்கிறது. அப்போது தாங்கியும் பிரேக் கைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்குவதால், இடையிலுள்ள தூரம் அவ்வளவாக மாறாது. அதற்கு ஃபோர்க்கின் தலையில் திருகாணித் துளை இருக்க வேண்டும். அவன் வண்டியில் இருக்கிறது. அங்கிளின் மைலோ டின்னில்தான் அந்த வகை இன்னும் அகப்படவில்லை. அதுவரை, லேசான நடுக்கத்தோடு, ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, அவன் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறான்.

உங்களுக்கு மூன்று கேள்விகள். ஒரு பிரேக் பிடியில் விரல்கள் அச்சிலிருந்து 80 மில்லிமீட்டரிலும் கம்பி 20 மில்லிமீட்டரிலும் உள்ளன. தாங்கி 2 மில்லிமீட்டர் வளைந்தால் விரல்கள் எவ்வளவு தூரம் வீணாக நகரும்? குறுக்குக் கம்பி கிடைக்கோட்டுக்கு 20 பாகையில் இருந்தால், பிரேக் கம்பியின் 150 நியூட்டனுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் எவ்வளவு இழுவிசை ஏறும்? சைன் படிக்காத மாணவர்கள் அளவுகோலும் பாகைமானியும் கொண்டு வரைந்தே கண்டுபிடிக்கலாம். கடைசிக் கேள்விக்கு வண்டியின் பின்பக்கம் போய் நில்லுங்கள். கான்டிலீவர் வண்டிகளில் பின் பிரேக்கின் தாங்கி, இருக்கைத் தண்டை இறுக்கும் திருகாணிக்கு அருகிலோ, சட்டத்தின் குறுக்குப் பட்டையிலோ இருக்கும். அங்கே ஏன் இந்த நடுக்கம் முன்பக்கத்தைப்போல் வருவதில்லை?